நிலவுப்படியில் நின்றுபோகும் கால்

"நல்லாத்தான் நடந்து வர்றாருங்க. நிலவுகிட்ட, அதான் வாசல் நிலைப்படிகிட்ட, வந்தா அப்படியே நின்னுக்கறாரு. கையப் புடிச்சு இழுத்தாலும் வரமாட்டேங்கறாரு." பார்க்கின்சன் நோய் உள்ளவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டி வருகிற வீட்டாரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இது. வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார் என்று நினைப்பவர்களும் உண்டு. அது அடம் இல்லை, சோம்பலும் இல்லை. அந்த நொடியில் அவர் நடக்கத்தான் நினைக்கிறார், கால் கிளம்ப மறுக்கிறது. "கால் தரையோட ஒட்டிக்குதுங்க" என்று அவர்களே சொல்வார்கள்.

நாம் யோசித்து நடப்பதில்லை. அடியின் நீளம், கைவீச்சு, திரும்புவது எல்லாவற்றையும் மூளையின் உள்ளே ஒரு பகுதி தானாகவே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதுதான் பார்க்கின்சன். அதனால் அடி குறுகுகிறது, கை வீசாமல் தொங்குகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. கதவு, குறுகலான சந்து, திரும்பும் இடம், அவசரம் என்று வந்தால் கால் உறைகிறது.

ஆனால் கண்ணால் பார்த்தோ, காதால் கேட்டோ, மனதில் நினைத்தோ எடுத்து வைக்கும் அடி வேறு வழியில் பிறக்கிறது. அந்த வழி பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சமதரையில் நின்றுவிடுகிறவர் மாடிப்படியில் சரசரவென ஏறுவது இதனால்தான். எங்கள் பயிற்சியில் பாதி, இந்த இரண்டாவது வழியைப் பழக்குவதுதான்.

முதலில், தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுத்தால் உடம்பு மட்டும் வரும், பாதம் அங்கேயே இருக்கும், ஆள் குப்புற விழுவார். "சீக்கிரம் வாங்க மாமா" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். கால் நின்றதும் அவரும் நிற்கட்டும். நிமிர்ந்து ஒரு மூச்சு விடட்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் எடையை மெல்ல மாற்றி அசையட்டும். அப்புறம், "ஒண்ணு, ரெண்டு, பெரிய அடி" என்று சொல்லி ஒரு காலைத் தூக்கி வைக்கட்டும். நிறைய பேருக்கு இதுவே போதும்.

ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், சிவப்புத் தரை இருந்தால் அதன்மேல் வெள்ளை டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுங்கள். இடைவெளி சுமார் ஒன்றரை அடி, ஆளின் உயரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஒவ்வொரு கோட்டையும் தாண்டி, குதிகால் முதலில் படும்படி நடக்கச் சொல்லுங்கள். கோலமாவில் போட வேண்டாம், வழுக்கும்.

தாளமும் அதே வேலையைச் செய்யும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி போனில் இருக்கிறது. ஆனால் நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் கேட்பது, "கும்மி ஆடியிருக்கீங்களா?" என்றுதான். கும்மியில் கைதட்டுக்குத் தக்கபடி அடி விழுகிறது, எடை பக்கவாட்டில் மாறுகிறது, வட்டமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. பார்க்கின்சனில் கெட்டுப்போவதும் இவைதாம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றது வள்ளி ஒயில் கும்மிக்காக. அப்படிப்பட்ட ஆட்டம் நம் களத்திலேயே இருக்கிறது. முழு ஆட்டம் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க, பாட்டுக்குக் கைதட்டி மெல்ல நாலு அடி வைப்பதே நல்ல பயிற்சி. சீனத்து தாய் சி அசைவுகள் பார்க்கின்சனில் சமநிலையைக் கூட்டி விழுவதைக் குறைத்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. எடையை நிதானமாக மாற்றிப் பழகுவது இதிலும் முக்கியமான அம்சம்.

விழுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான். நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பாமல், களத்தில் வண்டியைத் திருப்புகிற மாதிரி அகலமாகச் சுற்றி வரட்டும். சமையலறையில் இடம் போதாதென்றால், சின்னச் சின்ன அடிகளாகக் காலைத் தூக்கி வைத்துத் திரும்பலாம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபடி நடப்பதும் ஆபத்து. மூளைக்கு அப்போது இரண்டு வேலை.

எழுந்து நிற்பதற்கும் முறை உண்டு. தொய்ந்த கயிற்றுக் கட்டில் வேண்டாம், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி நல்லது. முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். எழுந்ததும் கொஞ்சம் நின்றுவிட்டு நடக்கட்டும். இந்த நோயில் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது சகஜம். தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டோபமின் குறையை ஈடுகட்டத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பயிற்சி வையுங்கள். பலருக்கு அது விழுங்கி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிடிக்கும். விழுந்துவிடுவாரோ என்று பயந்து கட்டிலிலேயே உட்கார வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். தொடையும் இடுப்பும் வலுவிழந்தால் விழுவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும்.

வாக்கரைக் கடையில் பார்த்து வாங்கிவிட வேண்டாம். தூக்கித் தூக்கி வைக்கிற நான்கு கால் வாக்கர் பார்க்கின்சன்காரர் பலருக்கு ஒவ்வொரு அடியிலும் நடையை நிறுத்திவிடும். சக்கரம் வைத்தது முன்னால் ஓடிவிடலாம், அதற்குப் பிரேக் வேண்டும். எது பொருந்தும் என்பதை அவரை நடக்கவிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நோய் தெரிந்த முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுகிறார் என்றால் பயிற்சியோடு நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பார்க்கின்சன் மாதிரியே தோன்றும் வேறு நோயாகவும் அது இருக்கலாம், அதற்கான வைத்தியம் வேறு.