கையுறை சூடு தராது

"சுடவே இல்லை டாக்டர், அதனால்தான் கையை எடுக்கவில்லை."

குளிர்காலம் வந்துவிட்டால் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்குப் பருவம் கழிவதில்லை. கடைசியாகச் சொன்னவர் ஓர் இளைஞர். சைலன்சரின் மேல்தகட்டில் இருக்கும் துளைகள் அவர் உள்ளங்கையில் வரிசை மாறாமல் பதிந்திருந்தன. துளைக்கு நேராக இருந்த இடம் வெறும் சிவப்பு, தகடு தொட்ட இடம் வெளுத்துத் தடித்திருந்தது. விடியற்காலையில் பைக் ஓட்டி வந்தவர் விரல் மரத்துப்போகவே வண்டியை ஓரங்கட்டி, கையுறையைக் கழற்றிவிட்டுச் சைலன்சர் மேல் கையை வைத்திருக்கிறார். சூட்டைச் சொல்ல வேண்டிய நரம்பே குளிரில் வேலை செய்யாதபோது கையை எடு என்று யார் சொல்வது? "இந்த வெள்ளை இடம் வலிக்கவே இல்லை, அப்போது பரவாயில்லைதானே?" என்று வேறு கேட்டார். தீக்காயத்தில் வெளுத்த இடம் வலிக்காமல் இருப்பதுதான் எங்களுக்குக் கவலை. காயம் ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

60 டிகிரி வெந்நீரில் தோல் ஆழமாக வேக 5 விநாடி போதும். ஓடி நின்ற வண்டியின் சைலன்சர் அதைவிட எவ்வளவோ சூடு. மரத்த கையை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, அந்த இளைஞர் கையுறை போடவில்லையா? போட்டிருந்தார், அதுவும் நல்ல தடிமனாக. இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. கை குளிர்கிறது என்றால் கையுறை சரியில்லை, இன்னும் தடியாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று வண்டி ஓட்டுகிற எல்லோரும் நம்புகிறார்கள். கையுறை சூடு தராது. திரும்பவும் சொல்கிறேன், கையுறை சூடு தராது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காபி வரும் என்று யாராவது காத்திருப்பார்களா?

அப்படியானால் விரலுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்து. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்குள் இருப்பது எலும்பும் தசைநாரும் தோலும்தான். தானாகச் சூடு உண்டாக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடம்பு ஒரு முடிவெடுக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் போகிற ரத்தம் சூடாக இருந்தாக வேண்டும், விரல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விரலுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலுக்கு வரும் ரத்தம் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் கையுறைக்குள் காப்பாற்றச் சூடே இல்லை. ஜாக்கெட் ஜிப்பைப் பாதி திறந்து, கழுத்தில் ஒன்றும் சுற்றாமல், கையில் மட்டும் விலை உயர்ந்த கையுறையோடு போகிறவருக்குக் கை விறைப்பது இதனால்தான். கையைக் காப்பாற்ற முதலில் நெஞ்சையும் கழுத்தையும் மூடுங்கள். கம்பளிச் சட்டை மட்டும் போதாது, காற்று அதை ஊடுருவிப் போய்விடும். மேலே காற்றுப் புகாத ஒன்று வேண்டும். வேறு ஒன்றும் இல்லையென்றால் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தடிக் கையுறைப் பிரியர்கள் செய்யும் இன்னொரு காரியம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைத் திணிப்பது. இறுக்கம் ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும், விரலைச் சுற்றி நிற்க வேண்டிய காற்றுப் படலமும் நசுங்கிப்போகும். உள்ளே மெல்லிய பட்டு அல்லது கம்பளி உறை போடுவது நல்ல யோசனைதான். ஆனால் வெளி உறை அதற்கு ஏற்ப ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். கடையில் கையை நீட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் மடக்கிப் பாருங்கள். மடக்கும்போது விரல் நுனி உறையின் முனையில் முட்டினால் அது உங்கள் அளவு இல்லை. பிரேக் லீவரின் விளிம்பு விரலில் உணரும்படி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டுகிறவர்களுக்கே தெரியும். 10 டிகிரிக் குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு ஏறக்குறைய 5 டிகிரி போல இருக்கும். 0 டிகிரியில் அதே வேகம் மைனஸ் 9 போல. நனைந்த கையுறை என்றால் இந்தக் கணக்கும் செல்லாது, ஈரம் ஆவியாகும்போது கையின் சூட்டையும் சேர்த்தே கொண்டுபோகும். அதனால் பையில் காய்ந்த ஜோடி ஒன்று இருக்கட்டும்.

விரல் விறைத்தால் என்ன, பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே நுணுக்கமான வேலை தடுமாற ஆரம்பிக்கும். 8 டிகிரியை நெருங்கினால் தொடு உணர்வு வேகமாக மங்கும். முன்கைத் தசையும் குளிர்ந்திருந்தால் லீவரை அழுத்தும் வலுவும் குறையும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக்கில் விரல் பதிய அரை விநாடி தாமதமானால் 8 மீட்டர் போய்விட்டது. பிரேக் கேபிள் அறுந்திருந்தால் வண்டியை எடுக்க மாட்டீர்கள், விரல் விறைத்திருந்தால் மட்டும் எடுப்பீர்களா?

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, அல்லது தொட்டதே தெரியவில்லை என்றால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். கட்டிடம் ஏதாவது இருந்தால் உள்ளே போங்கள். விரல்களை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுழற்றினால் ரத்தம் விரலுக்குத் தள்ளப்படும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் 37 முதல் 39 டிகிரி போதும், சூட்டை முழங்கையை நனைத்துத்தான் பார்க்க வேண்டும், மரத்த விரலால் அல்ல. பரபரவென்று தேய்க்காதீர்கள். ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கும். அது திரும்பி வருகிறது என்பதற்கு அடையாளம், பயந்து கையை எடுத்துவிட வேண்டாம்.

"ஒரு பெக் போட்டால் சூடாகிவிடும்" என்பவர்களிடம் வாதம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. மது தோலின் ரத்தக்குழாயை விரிக்கும், சூடு போலத் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறும். அதோடு வண்டி வேறு ஓட்டப் போகிறீர்கள். சிகரெட் நேர்மாறாக விரல் குழாய்களைச் சுருக்கும். கிளம்பும் முன் ஒன்று, வழியில் நின்று ஒன்று என்று புகைத்துவிட்டுக் கை குளிர்கிறது என்றால் நான் என்ன சொல்வது?

சூடேறும் கிரிப் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் அது உள்ளங்கையைத்தான் சூடாக்கும், காற்று அடிப்பதோ விரலின் வெளிப்பக்கத்தில். காற்றைத் தடுக்கும் ஹேண்ட்கார்டோ ஹேண்டில்பாரில் மாட்டும் உறையோ சேர்ந்தால்தான் முழுப் பலன். அப்படி உறை மாட்டினால் முதல் நாள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சில உறைகள் காற்றில் பின்னால் அழுந்திப் பிரேக் லீவரைத் தொடும். கை சட்டென்று உள்ளே போய் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். கையுறையை ராத்திரி முழுவதும் வண்டியிலேயே விட்டு வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே, கை சூடாக இருக்கும்போதே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஜாக்கெட் கைக்கும் உறைக்கும் நடுவே மணிக்கட்டு தெரியக்கூடாது. கிரிப்பை உயிரே போவதுபோல் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

குளிர் மட்டுமே காரணமில்லாத மரமரப்பும் இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால் அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம், கையுறை மாற்றிப் பலன் இல்லை. விரல் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவந்து வலிக்கிறது என்றால் 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த தொல்லையாக இருக்கலாம். அதிர்கிற இயந்திரங்களோடு வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கும் இது வரும். விரல் கட்டியாக, வெள்ளையாக, சூடுபடுத்திய பிறகும் உணர்வில்லாமல் இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி சாவகாசமாக வருகிறவர்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்து வாருங்கள், தயவுசெய்து. ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் பிராப்ரனலால், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின், மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் ஆகியவை விரல் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும்.