வலிக்காத கட்டி, வழிவிடாத நார்

சேலத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருப்பதால், நோயாளியின் முகத்தைவிட அவருடைய கட்டியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மார்பகப் புற்றுக்கட்டியைக் குறுக்கே வெட்டும்போது பல நேரம் கத்தி நறநறக்கும். பழுக்காத பேரிக்காயை நறுக்குவதுபோல் இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்வோம். ஏற்காட்டுப் பேரிக்காயைக் கடித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கடினத்துக்கு முக்கியக் காரணம் கொலாஜன் என்னும் புரத நார். புற்றுச் செல்கள் அருகிலுள்ள நார்ச்செல்களைத் தூண்டி அதை நெருக்கமாகப் பின்ன வைக்கின்றன. புற்றைக் கொல்ல வரும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் உடலில் பெரும்பகுதி அதன் உட்கருதான். உடல் நெளிந்து நுழைந்தாலும், நார்ச்சந்து மிகக் குறுகலாக இருந்தால் கரு சிக்கிக்கொள்ளும். சில கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் கருநீலப் புள்ளிகளாக டி செல்கள் விளிம்பில் திரண்டு நிற்கும். உள்ளே ஒன்றிரண்டுகூடத் தேறாது.

நுழைந்துவிட்டாலும் வேலை முடியாது. டி செல் தன் எதிரியைப் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் இனம் காண்கிறது. அந்த எதிரிச் செல்லின் சவ்வை இழுத்து விறைப்பாக்கினால், துளை போடும் பெர்ஃபோரின் புரதம் எளிதில் வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், கட்டி கல்லாக இருக்க, தனிப் புற்றுச்செல்லோ சவ்வில் கொலஸ்டிராலைச் சேர்த்து மெத்தென்று ஆகி, இந்தப் பிடியிலிருந்து நழுவக்கூடும்.

டி செல்லின் தடையை நீக்கும் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனும் தாசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். பிரேக்கை எடுத்தாலும் வழி அடைபட்டிருந்தால் வண்டி நகராது. நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துவது கார்-டி சிகிச்சை. 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற அந்தச் சிகிச்சையும் இரத்தப் புற்றுகளுக்கே. திடக் கட்டிகளில் அது தடுமாறுவதற்கு இந்த நார்வேலியும் ஒரு காரணம். வேலியைத் தளர்த்தும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன.

ஆகவே, ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ சூரணத்துக்குப் பணம் கொடுக்குமுன் யோசியுங்கள். வாசலிலேயே தடுக்கப்படும் இடத்தில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டி என்ன பயன்? எஸ்டேட் பகுதியிலிருந்தும் வாழப்பாடிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள், “வலியே இல்லையே, பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்றார்கள்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள். உருவிவிட்டாலும் பற்றுப் போட்டாலும் இந்த நார் இளகாது. முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. கையில் தட்டுப்படும் கட்டி வலிக்காவிட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.