பழைய மஸ்டாங்குக்கு எந்த ஸ்டியரிங் பாக்ஸ்?

1964 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை வெளியிட்டது. அந்த முதல் தலைமுறைக் கார்களை அமெரிக்காவில் இன்றும் ஆசையோடு பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது, கைப்பலத்தில் மட்டுமே திருப்பும் மேனுவல் ஸ்டியரிங்தான். தேய்ந்துபோன ஸ்டியரிங் பாக்ஸை (வீலின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) மாற்றும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: 19.9:1 பாக்ஸ் போடுவதா, 16:1 பாக்ஸ் போடுவதா? எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கார் ஓட்டுகிற சுகமே போய்விடும். பாக்ஸுக்குள் நடப்பது தெரிந்தால் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டின் கீழ்ப்பகுதியில் பெரிய திருகாணி போல மரை வெட்டியிருக்கும். அதன்மேல் ஒரு கனத்த நட் ஏறி நிற்கும். மரையும் நட்டும் நேரடியாக உரசுவதில்லை. இடையில் எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. உருண்டுபோன குண்டு நட்டின் ஒரு முனையில் வெளியேறி, சிறு குழாய் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மறுபடி நுழையும். 1940இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. வீலைத் திருப்பினால் நட் மேலும் கீழும் நகரும். நட்டின் பக்கவாட்டில் உள்ள பற்கள், செக்டர் எனப்படும் விசிறி வடிவப் பற்சக்கரத்தைத் திருப்பும். செக்டர் தண்டின் அடியில் மாட்டியிருக்கும் பிட்மன் ஆர்ம் என்ற கை இடமும் வலமும் வீசும். அது சக்கரங்களோடு இணைந்த டை ராடு கம்பிகளைத் தள்ளி, இழுத்து, முன்சக்கரங்களைத் திருப்பும்.

16:1 என்றால் வீல் 16 டிகிரி சுற்றும்போது செக்டர் 1 டிகிரி திரும்புகிறது என்று பொருள். இது பாக்ஸின் கணக்கு மட்டுமே. பிட்மன் ஆர்மைவிடச் சக்கரத்தின் பின்னாலுள்ள ஸ்டியரிங் ஆர்ம் நீளம் அதிகம் என்பதால், செக்டர் திரும்பும் அளவுக்குச் சக்கரம் திரும்பாது. அதையும் சேர்த்தால் 1965 மஸ்டாங்கில் 19.9 பாக்ஸின் மொத்த விகிதம் சுமார் 27:1. 16 பாக்ஸுக்குச் சுமார் 22:1. கையில் உணர்வது இந்த மொத்த விகிதத்தைத்தான். அதனால் ஒரு காரின் பாக்ஸ் எண்ணை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஷெவர்லேயின் முதல் தலைமுறை கேமரோ காரில் 24:1 பாக்ஸ் சாதாரணமாக வந்தது, வேகமான 16:1 பாக்ஸும் கிடைத்தது. அங்கே 24ஐ எடுத்துவிட்டு 16 போட்டால் கைக்கு ஒன்றரை மடங்கு பலம் தேவைப்படும். மஸ்டாங்கில் அதே 16க்கு மாறினால் கால் பங்குதான் கூடும்.

பழநி மலைக்குப் படி வழியாகவும் ஏறலாம், யானைப்பாதை வழியாகவும் ஏறலாம். படி குறுகிய வழி, ஆனால் முட்டி வலிக்கும். யானைப்பாதை சுற்று, ஆனால் மூச்சு வாங்காது. ஏறும் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஸ்டியரிங் விகிதமும் அப்படித்தான். சக்கரத்தைத் திருப்பத் தேவையான வேலை மாறாது. அதைக் குறைந்த சுற்றில் அழுத்தமாகச் செய்வதா, அதிகச் சுற்றில் இலகுவாகச் செய்வதா என்பதே தேர்வு.

கணக்காகப் பார்ப்போம். ஒரு தெருமுனையில் திரும்ப முன்சக்கரம் 25 டிகிரி திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 27:1 காரில் வீலை 675 டிகிரி, அதாவது ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். 22:1 காரில் ஒன்றரைச் சுற்று போதும். பின்பக்கம் வழுக்கும்போது எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்க இந்த மூன்றில் ஒரு பங்குச் சுற்று வித்தியாசம் பெரிதும் கைகொடுக்கும். அதற்கான விலை கைப்பலம்: 19.9ஐ 16ஆல் வகுத்தால் 1.24. அதாவது சுமார் 24 சதவீதம் அதிகம்.

பலர் இதோடு நிறுத்துவதில்லை. அழகுக்காக 16 அங்குல ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட்டு 14 அங்குல வீலையும் மாட்டிவிடுகிறார்கள். வீலும் ஒரு நெம்புகோல்தான். விட்டம் குறைந்தால் பிடிமானத்தின் பலம் அதே விகிதத்தில் குறையும். இரண்டும் சேர்ந்தால் கைப்பலம் 42 சதவீதம் கூடுகிறது. விகிதத்தைக் குறைப்பதானால் பெரிய வீலை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காலத்தில் வீலை அவ்வளவு அகலமாக வைத்ததற்குக் காரணமே இதுதான்.

இந்தச் சுமையெல்லாம் எங்கிருந்து வருகிறது? கார் நிற்கும்போது திருப்பினால் டயரின் ரப்பர் தரையோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு உரசுகிறது. மிக அதிகமான பலம் தேவைப்படுவது அப்போதுதான். சக்கரம் கொஞ்சம் உருண்டாலே பாரம் சட்டென இறங்கிவிடும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே வளைப்பார்கள். மெலிந்த பழைய டயருக்குப் பதிலாக அகலமான ரேடியல் போட்டால் நிறுத்துமிடத்தில் கை நோகும். கேஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) கூட்டினால் நெடுஞ்சாலையில் கார் நேராக ஓடும், வளைவு முடிந்ததும் வீல் தானாகத் திரும்பி வரும். ஆனால் திருப்பும் பலமும் ஏறும். மூக்கில் ஆறு சிலிண்டர் எஞ்சினா, 1967 முதல் வந்த கனத்த 390 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினா என்பதும் கணக்கில் வரும். இவற்றோடு 16:1ஐயும் சேர்த்துவிட்டு, “மேனுவல் ஸ்டியரிங்கே ஆகாது” என்று பழி போடுவது நியாயமில்லை.

பாக்ஸ் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பாருங்கள். தரையின் உரசல் இல்லாததால் அது லேசாகச் சுற்ற வேண்டும். அப்போதும் கனமாக இருந்தால் குற்றம் விகிதத்தில் இல்லை. கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட், இறுகிய ஐட்லர் ஆர்ம் (பிட்மன் ஆர்முக்கு எதிர்ப்பக்கம் கம்பியைத் தாங்கும் கை), தவறாக இறுக்கிய பாக்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாக்ஸின் மூடிமேல் உள்ள செட்டிங் ஸ்குரூவில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. நட்டும் செக்டரும் நடுநிலையில் மட்டும் நெருக்கமாகவும், கோடிகளில் சற்று இளக்கமாகவும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. சக்கரம் திரும்பிய நிலையில் வைத்துக்கொண்டு ப்ளே (இளக்கம்) போகும்வரை ஸ்குரூவை முறுக்கினால், நேராக ஓடும்போது நடுவில் இறுகிப் பிடிக்கும். பற்களும் சீக்கிரம் தேயும். வீலை நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

பாக்ஸை மாற்றாமலும் விகிதத்தைக் குறைக்கலாம். மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றியமைத்த 1965 ஷெல்பி ஜிடி350இல் பிட்மன் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் நீளமாக்கினார்கள். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டையும் இணைக்கும் நடுக்கம்பி கோணலாகி இரு சக்கரமும் இரு விதமாகத் திரும்பும். பந்தயத்துக்கு அது சரி. கடைக்குப் போகிற காருக்குத் தேவையில்லை.

ஆறு சிலிண்டரோ சிறிய வி8-ஓ உள்ள கார், அளவான டயர், 16 அங்குல ஸ்டியரிங் வீல் என்றால் தயங்காமல் 16:1 போடலாம். வளைந்த சாலையில் அந்தக் கார் உயிரோடு பேசும். அகல டயரும் கனத்த எஞ்சினும் உள்ளவர்களுக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும் 19.9தான் நல்லது.

1965, 66 கார்களில் பவர் ஸ்டியரிங்கின் ஹைட்ராலிக் உதவி பாக்ஸுக்குள் இல்லை. வெளியே கம்பிகளோடு இணைந்த சிலிண்டரிலிருந்து வந்தது. ஆகவே பவர் காரிலிருந்து கழற்றிய 16:1 பாக்ஸ் மேனுவல் காருக்கும் பொருந்தும். பழைய பாக்ஸ் வாங்கும்போது தண்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள்: ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்றேமுக்கால் சுற்று வந்தால் 16, நாலரைக்குக் கொஞ்சம் மேலே போனால் 19.9. நடுவில் சொரசொரவென்று தட்டினால் குண்டோடும் பள்ளம் குழிந்துவிட்டது, வேண்டாம். செக்டர் தண்டின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1965, 66இல் அது 1 அங்குலம், 1967 முதல் ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலம். 1965, 66 காரின் பிட்மன் ஆர்ம் 1967 முதல் வந்த பாக்ஸில் ஏறாது.