நடந்து போனவர் கணக்கில் வருகிறாரா?

சாலை விபத்தில் இறந்தவரின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு வந்தால் நான் கால்களை விட்டுவிடாமல் பார்ப்பேன். நடந்துகொண்டிருந்தவரைக் கார் மோதினால், பெரும்பாலும் பம்பர் உயரத்தில், முழங்காலையொட்டியோ அதற்குக் கீழேயோ அடிபடும். சில நேரம் எலும்பிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு துண்டு பிரிந்திருக்கும். அதன் கூர்முனை வண்டி போன திசையைக் காட்டும். இவ்வளவும் உடலில் இருக்க, கூட வந்த தாளில் "சாலை விபத்து" என்ற இரண்டே சொற்கள்! நடந்து வந்தாரா, வண்டியில் வந்தாரா என்று ஒரு வரி இருக்காது.

அதே இரண்டு சொற்களை நானும் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? நோய்களையும் இறப்புக் காரணங்களையும் குறியீடுகளாகப் பதியப் பயன்படும் பன்னாட்டு நோய்ப் பட்டியலின் (ஐசிடி) 10-வது பதிப்பில் பாதசாரிகளுக்கென்று வி01 முதல் வி09 வரை தனிக் குறியீடுகள் இருக்கின்றன. விவரம் இல்லாததால் இவர் அங்கே போகாமல் வி89-இல், அதாவது விவரம் தெரியாத வாகன விபத்தில், போய் விழுவார். ஒரு பாதசாரி குறைந்துவிட்டார். பழுதான வண்டியிலிருந்து இறங்கி டயர் மாற்றும்போது அடிபட்டவரும் இந்தப் பட்டியல்படி பாதசாரிதான். அவரை ஓட்டுநர் என்றே எழுதிவிடுகிறார்கள்.

2021-இல் உலகம் முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர், அவர்களில் 23 சதவீதம் பாதசாரிகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைபாதை எங்கே வேண்டும், எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் இத்தகைய எண்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வி89 என்னை உறுத்துகிறது.

தாமதமாக இறப்பவர்கள் இன்னும் எளிதாக விடுபடுகிறார்கள். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலை மரணம் என்பது பல நாடுகள் பின்பற்றும் வரையறை. ஆனால் காவல்துறைப் பதிவில் முதல் நாள் "காயம்" என்று எழுதியது, யாரும் தகவல் சொல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, 19-ஆம் நாள் இறந்தார். சான்றில் நிமோனியா மட்டும் இருந்தது. இறப்புச் சான்றின் முதல் பகுதியில் கடைசி வரிதான் முக்கியம். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த காரணம் அங்கே வர வேண்டும். எப்படி விழுந்தார் என்று மகளிடம் கேட்டேன். "விழலை டாக்டர், ரோட்டைக் கடக்கும்போது பைக் இடிச்சிடுச்சு" என்றார். இத்தனை நாளில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், நடந்து போகும்போது எந்த வண்டி, எந்த இடத்தில் மோதியது என்று மருத்துவரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு இறக்க நேர்ந்தால் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். அந்த முதியவரின் சான்றைத் திருத்த வைத்தோம். நிமோனியா, அதற்குக் கீழே இடுப்பெலும்பு முறிவு, கடைசி வரியில் "சாலையை நடந்து கடக்கும்போது பைக் மோதியது."