மொட்டைமாடி வெயில் லைட் சிகிச்சை ஆகாது

சலைன் ஊற்றி நனைத்துத்தான் அவருடைய பனியனை முதுகிலிருந்து பிரித்தோம். கொப்புளங்கள் உடைந்து துணியோடு ஒட்டியிருந்தன. குளச்சல் பக்கத்து மீனவர். சொரியாசிஸ் என்ற செதில் படரும் தோல் நோய்க்காக என்னிடம் 9 முறை லைட், அதாவது அளந்த புற ஊதாக் கதிர், வைத்தவர். முழங்கையில் தடித்துக் கிடந்த செதில் உதிர்ந்து தோல் மெலிந்துகொண்டு வந்தது. 10-வது முறை ஆள் வரவில்லை.

கடலில் நல்ல மீன்பாடு. போதாததற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "லைட்டும் வெயிலு மாதிரிதானே, ஓசியில கெடக்க வெயில விட்டுட்டு எதுக்கு பஸ் ஏறணும்?" கார்போக அரிசி என்கிற மருந்து விதையின் எண்ணெயை முதுகெல்லாம் தேய்த்துக்கொண்டு உச்சி வெயிலில் மொட்டைமாடியில் குப்புறப் படுத்திருக்கிறார். சமீபத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

வெயிலில் குணம் இல்லையா? இருக்கிறது, மறுக்கவில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. லைட் வைக்க ஆளை உள்ளே நிறுத்தும் எங்கள் பெட்டியில் உள்ள குழாய் விளக்குகள் 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரைத்தான் விடுகின்றன. சுடுவதில் முந்தி, குணத்தில் பிந்துகிற குறுகிய அலைகள் அதில் மிகக் குறைவு. முதல் நாள் பெரும்பாலும் சில விநாடிகள்தான். அடுத்த முறை "சிவந்ததா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் கூட்டுவோம். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், அடுத்தடுத்த நாளில் கிடையாது, பலருக்கு 20, 30 தடவை. வெயிலில் எல்லா அலையும் கலந்து வரும். மேகம் மூடினால் ஒரு அளவு, விலகினால் ஒரு அளவு, கடற்கரையில் மணலும் திருப்பி அடிக்கும். வெயில் மட்டும் போதுமென்றால், வருஷக்கணக்காக வெறும் மேலோடு வள்ளத்தில் நிற்கிற மனிதரின் முழங்கையில் செதில் எப்படி நின்றது?

வெயிலோடு அந்த எண்ணெயும் சேர்ந்துகொண்டது. கார்போக அரிசியில் இருக்கும் சோரலென் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். அதே சோரலெனை மாத்திரையாகக் கொடுத்து யுவிஏ என்ற நீண்ட அலைப் புற ஊதாக் கதிரை அளந்து வைக்கும் சிகிச்சை 1974 முதல் இருக்கிறது. அளந்து வைக்கும்போதே நாங்கள் பயந்து பயந்து வைப்போம். சோரலென் சூடு அன்றைக்குச் சாயந்தரம் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு ஏறும். "ஒண்ணும் செய்யல்லியே" என்று இவர் மறுநாளும் போய்ப் படுத்திருக்கிறார்! வெந்த இடம் ஆறும்போது அந்தத் தடத்திலேயே சொரியாசிஸ் புதிதாக ஏறலாம். இனி அதையும் நான் பார்க்க வேண்டும்.

லைட் வைக்கிறவர்களுக்கு: பெட்டிக்குள் கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஆண்கள் உறுப்பை மூடிக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். சாலிசிலிக் களிம்பைப் பூசிக்கொண்டு வராதீர்கள், கதிரை மறைக்கும். வேறு டாக்டர் டாக்ஸிசைக்ளின் போல ஏதாவது மாத்திரை தந்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லாமல் பெட்டிக்குள் ஏறாதீர்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாலும் சொல்லுங்கள். புதிதாக வெளியே தெரிகிற பிடரித் தோல் பழைய டோஸைத் தாங்காது.

குலசேகரத்திலிருந்து வாரம் மூன்று நாள் நாகர்கோவில் வந்துபோவது லேசில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் காலை நேரம் ஒத்துவராது, தெரியும். மத்தியானம் வாருங்கள், நேரம் மாற்றித் தருகிறேன். இடையில் விட்டுப்போனால் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். மூன்று வாரம் வராமல், கார்டையும் வீட்டில் வைத்துவிட்டு, "போன வாரம் வந்தேனே" என்றால் பழைய டோஸையே வைத்துவிடுவார்கள், வெந்துபோவீர்கள். உண்மையைச் சொன்னால் குறைத்துத் தொடங்குவோம். நான் திட்ட மாட்டேன்.