உக்குலேலே: சுருட்டுப்பெட்டியும் நான்கு நரம்பும்

உக்குலேலே என்பது மார்போடு அணைத்து வாசிக்கும், நான்கு நரம்புகள் கொண்ட சிறிய இசைக்கருவி. ஹவாய் மொழியில் ‘உக்கு’ என்பது தெள்ளுப்பூச்சியையும் ‘லேலே’ என்பது தாவுதலையும் குறிக்கும். வாசிப்பவரின் விரல்கள் தாவும் வேகத்தால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். ஹவாய்த் தீவுகளின் கடைசி அரசி லிலியுவோகலானியோ ‘இங்கு வந்த கொடை’ என்று பொருள் கொண்டதாகச் சொல்வர். கருவியின் வரலாற்றுக்கு அரசியின் பொருளே ஒத்துவருகிறது: 1879 ஆகஸ்டு 23 அன்று மதீரா தீவிலிருந்து ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய போர்த்துக்கேயருள் மூன்று மரத்தச்சர்கள், தங்கள் ஊர்ச் சிறுகிதாரை முன்மாதிரியாக வைத்து, அங்கு விளையும் ‘கோவா’ (koa) என்னும் மரத்தில் இதனை வடித்தனர்.

‘யூக்கலேலி’ என்பது ஆங்கிலேயர் வாய்வழி வந்த ஒலிப்பு. ‘உகுலேலே’ என்று ஒற்றைக் ககரம் இட்டால் நம் நாக்கு ‘உகுதல்’ போல மெலித்துவிடும் என்பதால், ககரத்தை இரட்டித்து எழுதுவதே சரி.

சுருட்டுப்பெட்டியில் கருவி செய்வது, காசில்லாதவர்கள் கண்ட வழியாக அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. (‘சுருட்டு’ போர்த்துக்கேய மொழியில் ‘சருட்டு’ ஆகி நிற்பது தனிக்கதை.) அப்பெட்டிகளுக்குரிய ‘ஸ்பானிய சீடர்’ (Spanish cedar) மரம் உண்மையில் தேவதாரு வகையன்று, நம் வேம்பின் குடும்பம்.

இராமநாதபுரம் கடற்கரையில் அத்தகைய பெட்டி கிடைப்பது அரிது. பாம்பனில் நான் கண்ட கருவியின் உடல் பேரீச்சம்பழம் வந்த ஒட்டுப்பலகைப் பெட்டி. கழுத்து, உடைத்த வள்ளத்தின் பலகை. கடல்நீர் ஊறிய பலகையில் உப்பு தங்கியிருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நன்னீரில் பலமுறை ஊறவைக்காமலும் நிழலில் உலர்த்தாமலும் செதுக்கிய முதல் கழுத்து ஐப்பசி மழையில் வளைந்து, நரம்புகள் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே விரல் பதியும் வரம்புகளில்) உரசி இரைந்தனவாம். நரம்பு என்று கட்டியிருந்தது மீன்பிடிக்கும் நைலான் இழையே. அதையும் ‘தூண்டில் நரம்பு’ என்றுதானே சொல்கிறோம்.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி, கடற்கரையில் கோவலன் கைக்கு வரும் யாழைப் ‘பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்’ என்று எண்ணிச் சொல்கிறது. பெட்டிக்குப் பத்தர், முறுக்கும் முளைக்கு ஆணி அப்படியே பொருந்துகின்றன. கோடு யாழில் வளைந்த தண்டு; நேரான கழுத்துக்கு அதனை நீட்டிக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. எஞ்சியவற்றை வீணைத் தச்சர்கள் தருகிறார்கள்: நரம்பைத் தாங்கும் கட்டை குதிரை, விரல் பதியும் வரம்பு மெட்டு. குதிரைக்கும் கழுத்து நுனிக் கட்டைக்கும் இடைப்பட்ட நீளம் சுமார் 13 அங்குலம். அதன் நடுப்புள்ளியில் 12ஆம் மெட்டு விழும். அங்கே அழுத்தினால் மேல் சட்சம் (அழுத்தாத நரம்பின் சுரமே மேல் ஸ்தாயியில்) ஒலிக்கவேண்டும். இல்லையேல் குதிரையை நகர்த்தவேண்டும்.

முழுக்கருவிக்குச் சிலர் ‘சிறுயாழ்’ என்கின்றனர். அது பொருந்தாது, யாழில் நரம்புக்கு ஒரு சுரமே, மெட்டு இல்லை. ஹவாய்க் கருவியை உக்குலேலே என்றே வழங்கி, பெட்டியில் செய்ததைப் ‘பெட்டிவீணை’ எனலாம் என்பது என் துணிபு. பாம்பனில் அதைச் செய்தவரிடம் பெயர் கேட்டேன். “நரம்புப்பெட்டி” என்றார்.