விசாரணை இழுத்துக்கொண்டே போனால்

அமெரிக்காவில் 401(கே) திட்டங்களுக்கு, அதாவது ஊழியர் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் திட்டங்களுக்கு, சட்ட ஆலோசனை சொல்வது என் தொழில். இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும், தொழிலாளர் துறையின் ஈப்சா (EBSA) பிரிவிலிருந்து விசாரணைக் கடிதம் வந்ததும் நிறுவனங்கள் கூப்பிடுவார்கள். திட்ட ஆவணம், ஃபார்ம் 5500 என்ற ஆண்டுக் கணக்கறிக்கை, கமிட்டிக் கூட்டக் குறிப்புகள், சம்பளப் பட்டியல் என்று கேட்டிருப்பார்கள். நான் முதலில் எடுப்பது சம்பளப் பட்டியலைத்தான். ஊழியரிடம் பிடித்த தேதியையும், அந்தப் பணம் திட்டக் கணக்கில் சேர்ந்த தேதியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பேன். 100 பேருக்குக் குறைவான திட்டமென்றால், 7 வேலை நாட்களுக்குள் கட்டியதைத் துறை தாமதமாகக் கருதாது. இடைவெளி வாரக்கணக்கில் இருந்தால்? ஊழியர் காசு அதுவரை நிறுவனத்தின் கையில் புரண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைப் பிடிக்க அதிகாரிகள் கட்டாயம் வேண்டும். 2024 நிதியாண்டில் மட்டும் ஈப்சா மீட்டுக் கொடுத்தது கிட்டத்தட்ட 140 கோடி டாலர். விசாரிக்கும் அதிகாரத்தை ஊழியர் ஓய்வூதியத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா (ERISA) சட்டமே தருகிறது. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, கால அளவில்தான். வழக்குப் போட எரிசா கெடு வைத்திருக்கிறது: பொதுவாக, தவறு நடந்து 6 ஆண்டுகள், அல்லது தவறு தெரியவந்து 3 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. விசாரணைக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. வழக்குக் கெடு நெருங்கினால், அதை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்தில் அதிகாரிகள் நிறுவனத்திடம் கையெழுத்துக் கேட்பார்கள். அப்புறம் அதிகாரி மாறுவார், கொடுத்த காகிதங்களையே திரும்பக் கேட்பார். விசாரணைக்குப் பதில் சொல்ல ஆகும் செலவைத் திட்டப் பணத்திலிருந்தே எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அதாவது, யாரைக் காப்பாற்ற விசாரணையோ அவர்கள் சேமிப்பிலிருந்தே.

ஆகவேதான் நாடாளுமன்றமான காங்கிரஸ் கேள்வி கேட்பதை வரவேற்கிறேன். விசாரணைகள் எத்தனை காலமாக நிலுவையில் இருக்கின்றன என்று ஈப்சா ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்ற மசோதா 2025இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. திரட்டிய தகவல்களைத் துறை தனியார் வழக்கறிஞர்களோடு பகிர்ந்துகொள்வது பற்றியும் சபையின் கல்வி, தொழிலாளர் குழு கேள்வி கேட்டிருக்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

ஆனால் விசாரணைக்குக் கண்டிப்பான கெடு வைத்துவிடக் கூடாது. அப்படி வைத்தால், காகிதங்களைக் கொடுக்காமல் நாளைக் கடத்தும் நிறுவனம் தப்பித்துவிடும். ஈப்சாவின் நிதியைக் குறைப்பதும் மேற்பார்வை ஆகாது. ஆள் குறைந்தால் விசாரணை இன்னும்தான் நீளும். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிகாரியை நெருக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மொத்த நிலவரத்தைக் கேளுங்கள், தாமதத்துக்குக் காரணம் கேளுங்கள், தீர்ப்பை அதிகாரியிடம் விடுங்கள்.

நீங்கள் ஊழியரென்றால் சம்பளச் சீட்டையும் 401(கே) அறிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்த பணம் வந்து சேரவில்லையா? 1-866-444-3272 என்ற ஈப்சாவின் இலவச எண்ணில் கேளுங்கள். புகார் கொடுத்தும் பதில் இல்லையென்றால் உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அரசுத் துறைகளிடம் நிலவரம் கேட்டுச் சொல்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.